அவுட்டரில் நின்ற சுரம்

விழுப்புரத்தில் மைக் செட் வைத்திருந்த தாண்டவராயனை ஊரில் பாதிப் பேருக்குக் குரலால்தான் தெரியும். கல்யாணமானாலும் கட்சிக் கூட்டமானாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று முதலில் ஒலிப்பது அவன் குரல். அதற்குமேல் அவன் பேசியதாக யாருக்கும் நினைவிருக்காது. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். பேசுகிறவர் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி அது ஊளையிட ஆரம்பித்தால், எட்டி ஒரு குமிழைத் திருகி அடக்கிவிடுவான். ஊளையை அடக்குவதுதான் மைக் செட்காரனுக்கு முதல் வேலை என்பான்.

நான் அவனோடு மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தேன். இங்கே சொல்வதில் நானே கண்டது கொஞ்சம். மற்றதைத் தாண்டவராயனும் அவன் மனைவி அஞ்சம்மாளும் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் சொன்னார்கள். அஞ்சம்மாள் எதையும் கூட்டிச் சொல்லும் பெண் இல்லை. அவள் சொன்னதும் அவன் சொன்னதும் அப்படியே ஒத்துப்போனபோதுதான் நான் இதை நம்ப ஆரம்பித்தேன்.

அவர்கள் வீடு காட்பாடி லைனை ஒட்டி இருந்தது. கொல்லைப்பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போட்ட வயல், அதைத் தாண்டினால் தண்டவாளம். அந்த ஓட்டு வீட்டைக் கட்டியவன் தாண்டவராயனின் அண்ணன் துரைக்கண்ணு. கூட்ஸ் வண்டி டிரைவர். கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் வருகிறேன் என்று போனவன் மறுநாள் பொழுது சாயத்தான் வருவான். அதனால் அவன் வருவதை வீட்டுக்குச் சொன்னது விசில்தான். ஊருக்கு வெளியே இருக்கும் அவுட்டர் சிக்னலில் வண்டியை நிறுத்தி எல்லா டிரைவரும்தான் விசில் கொடுப்பார்கள். துரைக்கண்ணு கொடுப்பது தனி. நீளமாக இழுத்துப் பிடித்திருப்பான். பிறகு விசில் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். சத்தம் சரிந்துகொண்டே போய், தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் லேசாக ஒரு தூக்குத் தூக்கி நிற்கும்.

அதைக் கேட்டதும் அவன் மனைவி கிருஷ்ணவேணி எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கொல்லையில் இருந்த வெளியடுப்பை மூட்டி, அண்டாவில் தண்ணீர் வைப்பாள். வண்டி உள்ளே வந்து, எஞ்சினை ஷெட்டில் விட்டுவிட்டு, உடம்பெல்லாம் கரித்தூளோடு அவன் நடந்து வருவதற்கும் தண்ணீர் காய்வதற்கும் சரியாக இருக்கும். கிருஷ்ணவேணி திண்டிவனத்துப் பெண். குழந்தை இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டில் அவள் செய்த வேலைகளிலேயே இதைத்தான் மிகவும் விரும்பிச் செய்தாள் என்று தாண்டவராயன் சொல்வான்.

அறுபத்தோராம் வருஷம் ஐப்பசி மழையில் துரைக்கண்ணு செத்துப்போனான். காட்பாடி லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நின்றபோது எஞ்சினைவிட்டு இறங்கியிருக்கிறான். நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். வேறொரு டிரைவர் வந்து அந்த வண்டியை விழுப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவுட்டரில் அவரும் விசில் கொடுத்தார். கிருஷ்ணவேணி கேட்டாள், எழுந்திருக்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

அதற்கப்புறம் அந்த வெளியடுப்பு எரியவில்லை. அஞ்சம்மாள் மருமகளாக வந்தபோது அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

தாண்டவராயனுக்குக் கிட்டார் வந்தது அதற்குப் பிறகு. ரயில்வே காலனியில் டிக்ரூஸ் என்று ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, அவன் வயதுக்காரன். ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்பில் கிறிஸ்துமஸ் நடனத்துக்குத் தாண்டவராயன் மைக் கட்டப் போய்ப் பழக்கம். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது, உப்புக் காற்றில் ஒட்டு விட்டுப்போகும் என்று சொல்லிக் கிட்டாரை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். வயிறு குடைந்த கிட்டார். மேல்பலகையில் பாம்பு படுத்தது மாதிரி வளைந்த இரண்டு துவாரங்கள். கம்பிக்குக் கீழே காந்தச் சுருள் வைத்து, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரில் செருகுகிற வகை. கொல்லையில் மைக் செட் வைக்கப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அவனாகவே வாசிக்கப் பழகினான். பிறகு எங்கள் குழுவில் சேர்ந்தான். விக்கிரவாண்டி, கண்டாச்சிபுரம் என்று கல்யாணங்களுக்குச் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு காலம் போனது.

அறுபத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை. நானும் அவனும் அந்தக் கொட்டகையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். சிலோன் ஸ்டேஷனில் ஏதோ இங்கிலீஷ் பாட்டு. பாடுகிறவன் நிறுத்தியதும் நடுவில் ஒரு வாத்தியம் வந்தது. ஒரே சுரம். வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அழுகிற குரல் மாதிரி லேசாக நடுங்கியது.

"வயலினா?" என்றேன்.

தாண்டவராயன் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்தான். "இல்லடா. மொதல்ல கம்பிய தட்டுற சத்தம் கேட்டுச்சி. கிட்டாருதான்" என்றான். பிறகு காதை எடுக்காமலே, "அப்பறம் ஏன் அது சாவல?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. கிட்டார் கம்பியை மீட்டினால் சத்தம் பிறந்த உடனேயே தேய ஆரம்பிக்கும். அதுதான் அதன் இயல்பு. அவன் கிட்டாரில் ஒரு சுரம், ஈரத் துணியில் விழுந்த கல் மாதிரி, விழுந்த இடத்திலேயே கிடந்தது. முதலில் கனமான கம்பி மாற்றிப் பார்த்தான். சத்தம் பெருத்ததே தவிர நீளவில்லை. குழாய் ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்த்தான். காதைக் குத்தியது. பிறகு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காகிதக் கூம்பு ஸ்பீக்கரைத் தேக்குப் பெட்டியில் பொருத்தினான். சத்தத்துக்கு உடம்பு வந்தது. அடுத்து, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைப் பெரிய ஆம்ப்ளிஃபயரின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தான். உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகள் தாங்காமல் சுரம் கிழிந்தது. கிழிந்ததில் புதிதாக ஒன்று நடந்தது. உடனே தேயாமல், ஒரு மூச்சு நேரம் ஒரே கனத்தில் நின்றது.

அந்த ஒரு மூச்சு அவனுக்குப் போதவில்லை.

அறுபத்தேழு ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரம். அன்றைக்கு நான் இல்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நன்றாகச் சூடேறி, வால்வுகள் சிவந்திருந்தன. சத்தத்தை அதுவரை வைக்காத அளவுக்கு ஏற்றினான். கம்பியை விரலால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு மீட்டினான். ஒயர் காலில் சிக்கியதால் ஸ்பீக்கரைப் பார்க்கத் திரும்பினான். அப்போது மார்பில் அணைத்திருந்த கிட்டார் அதிர்ந்தது. ஸ்பீக்கரின் சத்தம் கிட்டாரின் குடைந்த வயிற்றில் மோதி, கம்பியை மறுபடி உலுக்கி, கம்பி மறுபடி ஸ்பீக்கரைப் பேச வைத்தது. அத்தனை வருஷம் அவன் குமிழைத் திருகி அடக்கிய அதே ஊளை. இப்போது ஒரு சுரத்துக்குள் அடைபட்டு வந்தது. அவன் மீட்டும் கையை எடுத்துவிட்டான். சுரம் அப்படியே நின்றது. தேயவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்குத் தெரியவில்லை. விரல் வலித்து, தள்ளிப் பிடித்திருந்த கம்பியை மெல்ல விட்டான். சுரம் சரிந்தது. சரிந்து அடியில் போய், தானாக ஒரு தூக்குத் தூக்கியது.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். "பின்னாடி யாரோ வந்து நிக்கற மாதிரி இருந்திச்சி. திரும்பிப் பாக்க தைரியம் வரல" என்று என்னிடம் சொன்னான்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது கொல்லையில் புகை வந்தது. கிருஷ்ணவேணி வெளியடுப்பில் சுள்ளியைச் சொருகி ஊதிக்கொண்டிருந்தாள். மேலே அண்டா இருந்தது. அஞ்சம்மாள் பின்வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள்.

"அண்ணி" என்றான்.

"வண்டி அவுட்டர்ல நிக்குது" என்றாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "தண்ணி காஞ்சிரும்."

கொஞ்ச நேரத்தில் ஊதுவதை அவளே நிறுத்தினாள். கையிலிருந்த ஊதுகுழலைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நெருப்பு அதன்போக்கில் எரிந்தது. தண்ணீர் கொதி வரும்வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே கொட்ட மனம் வரவில்லை.

கடைசியில் கிருஷ்ணவேணிதான் சொன்னாள். "நீ குளிச்சிரு தம்பி."

அவன் அந்தத் தண்ணீரில் குளித்தான். குளிக்கும்போது பற்கள் கிட்டித்துக்கொண்டன என்றான்.

ஆவணி பிறக்கும்வரை அவன் கொட்டகையைத் திறக்கவில்லை. எங்கள் நிகழ்ச்சிகளுக்குக்கூடக் கிட்டார் இல்லாமல் வந்து மைக் மட்டும் கட்டினான். காரணம் கேட்டால் வால்வு போய்விட்டது என்பான். ஆனால் விரல்களை மட்டும் அவனால் சும்மா வைத்திருக்க முடியவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது இடது கை விரல் தொடையில் அழுந்தி நடுங்கும். தேடியது கிடைத்த மறுநொடி அதை விட்டு ஓடிவந்தவனின் அவஸ்தை அது.

அவனை மறுபடி கொட்டகைக்கு அனுப்பியது கிருஷ்ணவேணி. ஒருநாள் சாயங்காலம் சோறு போட்டுவிட்டு, "அத இன்னொரு வாட்டி வாசி தம்பி" என்றாள்.

"வேணாம் அண்ணி."

"எனக்குத் தெரியும் அது அவரு இல்லன்னு. பைத்தியம்னு நெனச்சிக்காத. சொம்மா கேக்கணும் போல இருக்குது."

வாசித்தான். சுரம் நின்றது, சரிந்தது. அவள் கொட்டகை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இல்ல" என்றாள். மறுபடி வாசித்தான். "இல்ல தம்பி. இது தகரம் தேய்க்கற மாதிரி இருக்குது. அது பொகை மாதிரி வரும்." கூர்மையைக் குறைக்கும் குமிழைத் திருகினான். "இப்பக் கொஞ்சம் கிட்ட வருது. அவரு பட்டுனு ஆரம்பிக்க மாட்டாரு." அவன் மீட்டும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து, மீட்டியபின் கிட்டாரின் குமிழைச் சுண்டுவிரலால் திருகி ஏற்றப் பழகினான். மீட்டிய தட்டல் மறைந்து, சுரம் எங்கிருந்தோ கிளம்பி வருவது மாதிரி வந்தது. எந்தச் சுரத்துக்கு ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் கம்பி உயிர் பிடிக்கும் என்பதைக் கால் மாற்றிக் கால் மாற்றித் தேடுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "நடுங்குது பாரு, அது ரொம்ப அதிகம். குளிருக்கு நடுங்கறாப்ல இருக்குது. அவரு கை நடுங்காது."

பின்னால் எத்தனையோ பேர் தாண்டவராயனின் கிட்டார் தொனியைப் புகழ்ந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தொனி இப்படித்தான் உருவானது. செத்தவன் ஒருவனின் விசிலை ஒருத்தி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவன் தம்பி குமிழைத் திருகினான்.

அது நெருங்க நெருங்க வீட்டில் காற்றே மாறிப்போனது என்றாள் அஞ்சம்மாள். கிருஷ்ணவேணி சாயங்காலமானால் தலை வாரிக்கொண்டாள். சோறு கூடுதலாக வடித்தாள். கேட்டால் கை தவறிவிட்டது என்பாள். ஒருநாள் லெவல் கிராசிங் கேட்மேன் கண்ணையன் வீட்டுக்கு வந்தார். துரைக்கண்ணுவுக்குச் சிநேகிதர், சாது. திண்ணையில் உட்கார்ந்தார்.

"தாண்டவராயா, நேத்து பொழுது போற நேரத்துல நீ இன்னா வாசிச்ச?"

"ஏண்ணே?"

"நான் கிராசிங் கேட்ட எறக்கிட்டேன். வண்டி எதுவும் கெடையாது. ரெண்டு பக்கமும் மாட்டு வண்டிங்க நிக்குது, எல்லாரும் கத்துறானுவ. அப்பத்தான் எனக்கே சுருக்குன்னுச்சி. காது கேட்டுச்சி, கை தானா எறக்கிருச்சி." அவர் உள்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆறு வருசமா அந்த விசில கேக்கல நானு. அவன வரவழைச்சிடாதடா."

அஞ்சம்மாள் அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை. கண்ணையன் சொன்னதை உள்ளேயிருந்து கேட்டாள். அன்றைக்கு அவள் புருஷனிடம் எதுவும் பேசவில்லை. நேராகக் கிருஷ்ணவேணியிடம் போனாள்.

"அக்கா, நான் கோவத்துல சொல்லல. எனக்குப் பயமா இருக்குது. வயித்துல புள்ளய வச்சிக்கினு, செத்தவங்கள கூப்பிட்டுக்கினே இருக்கற வூட்டுல எப்படி இருக்கறது?"

கிருஷ்ணவேணி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "எனக்கும்தான் அஞ்சம்மா. எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? நேத்து கேட்டு முடிச்சதும் தெருவுல காலடிச் சத்தம் கேட்டுச்சி. எழுந்து போய்க் கதவத் தொறந்துட்டேன்."

"யாருக்கா?"

"யாரும் இல்ல. அதான் பேஜாரா பூடுச்சி. யாராச்சும் இருந்திருந்தாக்கூடப் பரவால்ல."

மறுநாள் காலையில் கிருஷ்ணவேணி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. திண்டிவனத்தில் தங்கச்சி முனியம்மாள் வீட்டில் கொஞ்ச காலம் இருக்கிறேன் என்றாள். தாண்டவராயன் ஸ்டேஷனுக்குக் கூடப் போனான். வண்டி கிளம்புமுன் எஞ்சின் விசில் கொடுத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றான்.

தை மாதம் அஞ்சம்மாளுக்குப் பெண் பிறந்தது. பொன்னி என்று பெயர் வைத்தார்கள். தாண்டவராயன் மறுபடி குழுவில் கிட்டார் வாசித்தான். ஆனால் நீண்ட சுரம் வாசிக்கும்போது கவனமாக ஒன்று செய்தான். கம்பியைத் தள்ளிப் பிடித்தால், சரியவிடுவதற்குள் உள்ளங்கையால் அமுக்கிச் சுரத்தை அறுத்துவிடுவான். கேட்பவர்களுக்கு அது ஒரு பாணி மாதிரி இருந்தது.

அறுபத்தெட்டு பங்குனியில் திண்டிவனத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பொழுது இறங்கும்போது தொடங்கினோம். நல்ல கூட்டம். ஏழெட்டுப் பாட்டு ஆனதும் முன்வரிசையில் இருந்த டெரிலின் சட்டைப் பையன்கள், இங்கிலீஷ் டியூன் ஒன்று வேண்டும் என்றார்கள். பாட்டு இல்லாமல் தாளம் மட்டும் போட்டோம். தாண்டவராயன் எழுந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து நின்றான். சுரம் கிளம்பியது.

நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தது வேறு. கடலைப் பொட்டலம் விற்கிறவன்கூட நின்றுவிட்டான். சுரம் நிற்க நிற்க என் கை தாளத்தை விட்டுவிட்டது. அப்போது தாண்டவராயன் பக்கவாட்டில் திரும்பினான். பெண்கள் பக்கம் கிருஷ்ணவேணி முனியம்மாளோடு நின்றிருந்தாள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். உள்ளங்கை கம்பிக்கு மேலே வந்தது. அமுக்கவில்லை. அப்படியே நின்றது. விரல் மெல்ல விட்டது. சுரம் சரிந்து, அடியில் போய், லேசாகத் தூக்கியது.

அவள் சொல்லிச் சொல்லியும் கொட்டகையில் ஒருநாளும் முழுதாகக் கிடைக்காத அந்த விசில், அப்போது அச்சாக வந்தது. துரைக்கண்ணுவின் வண்டிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிருஷ்ணவேணி மேடைக்குப் பின்னால் வந்தாள். உடம்பு தேறியிருந்தாள். மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அஞ்சம்மாளையும் குழந்தையையும் விசாரித்தாள். தாண்டவராயன் குறுக்கே கேட்டான்.

"அண்ணி, கேட்டுச்சா?"

"கேட்டனே. நல்லாருந்திச்சி தம்பி."

"அத கேக்கல. அண்ணன்."

அவள் யோசித்தாள். அவனுக்கு ஆறுதலாகப் பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல தம்பி. உன் கிட்டாருதான் கேட்டுச்சி. மில்லுல நாள் முழுக்க மிசினு சத்தம். மொதல்ல தலவலியா இருந்திச்சி. இப்ப அதுல வேற எதுவும் காதுல தங்கறதில்ல. படுத்தா தூக்கம் வர்து." கொஞ்சம் நிறுத்தி, "நீ அதயே புடிச்சிக்கினு இருக்காத" என்றாள். தங்கச்சி கூப்பிட்டதும் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது வேனில் மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தாண்டவராயன் என் பக்கத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விக்கிரவாண்டி தாண்டியபிறகு, "அண்ணன் அண்ணிய விட்டுட்டுப் பூட்டான்டா" என்றான். "நான் வாசிக்கும்போது என் தோள் மேல மூச்சு பட்டுச்சி. கரி வாசன வந்திச்சி." அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

அதற்கப்புறமும் அவன் வாசிப்பதை விடவில்லை. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் அந்த நீளச் சுரத்தைக் கேட்டார்கள். சுரத்தை உள்ளங்கையால் அறுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டான். குழுவிடம் ஒரே ஒரு ஏற்பாடுதான் கேட்டுக்கொண்டான். அந்தச் சுரம் நிகழ்ச்சியின் கடைசியாக இருக்க வேண்டும். அது முடிந்ததும் கூட்டம் கலையும், நாங்கள் சாமான்களைக் கட்டுவோம். அவன் மட்டும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பான். உள்ளே வால்வுகளின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். சில நாள், பக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வது மாதிரி அவன் உதடு அசையும். வேன் டிரைவர் ஆரனை அடிக்கப் போனால் நாங்கள் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவோம். பெட்டி முழுக்கக் குளிர்ந்தபின் அவனாகவே எழுந்து வருவான்.